வெடிப் புகையை ரசாயனம் சேர்த்துக் குறைக்க முடியுமா?

கிருஷ்ணகிரி அருகே ஜல்லிக் குவாரியை மேற்பார்வை பார்ப்பவர் கேட்டிருக்கிறார்: வெடி வைத்தால் செம்மஞ்சள் புகை கிளம்புகிறது, பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள், வெடிமருந்தில் ஏதாவது ரசாயனம் சேர்த்தால் இது நிற்குமா?

ஓரளவு குறையும். பர்கூர், வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் குவாரிகளில் 26 வருடம் மைனிங் மேட்டாக, அதாவது குவாரி வேலையையும் ஆட்களின் பாதுகாப்பையும் மேற்பார்வை பார்ப்பவனாக, இருந்தவன் நான். ரசாயனத்துக்குச் செலவு செய்யும் முன் உங்கள் மருந்துக் கிடங்கையும் குழிகளையும் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

அந்த நிறம் நைட்ரஜன் டை ஆக்சைடு. நாம் குழியில் போடும் மருந்தில் பெரும்பகுதி அமோனியம் நைட்ரேட். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உபரி ஆக்சிஜன். அதை எரித்துத் தீர்க்கத்தான் டீசல். டீசல் போதாவிட்டால் நைட்ரஜன் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொண்டு செம்மஞ்சளாக எழும்பும். டீசல் கூடிவிட்டால் புகை வெளுத்துவிடும், முதலாளியும் மகிழ்ந்துவிடுவார். ஆனால் அப்போது வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். சிவப்பை ஒழிக்கிறேன் என்று டீசலைத் தாராளமாக ஊற்றியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது தண்ணீர். அமோனியம் நைட்ரேட் உப்பு மாதிரி கரையும். ஈரக் குழியில் போட்டுவிட்டு, சாப்பிட்டு வந்து வெடிக்கலாம் என்று விட்டால் அடியில் உள்ளது கரைந்துபோய், பாதி வெடித்தும் பாதி வெடிக்காமலும் புகைந்து தள்ளும். புரட்டாசி, ஐப்பசியில் உங்கள் புகை அதிகமாகச் சிவக்கிறதா என்று பாருங்கள். சிவந்தால் குற்றவாளி தண்ணீர்தான். ஈரக் குழிக்கு எமல்ஷன் தோட்டா (எண்ணெயோடு குழைத்த மருந்து அடைத்தது) போடுங்கள், அது நீரைத் தாங்கும். அமோனியம் நைட்ரேட் மூட்டையைக் கையால் அமுக்கினால் மணி மணியாக நகர வேண்டும். கட்டிதட்டிப் போயிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இனி ரசாயனம். இதில் யூரியாவுக்குத்தான் உருப்படியான வேலை இருக்கிறது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (வண்டிப் புகைக்கான அரசு விதி) லாரிகள் பலவற்றில் டீசல் டேங்க் பக்கத்தில் யூரியாக் கரைசலுக்குத் தனி டேங்க் இருக்கும். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் நிற்கும் டிரைவர் யாரைக் கேட்டாலும் காட்டுவார். வெப்பத்தில் யூரியா சிதைந்து, நைட்ரஜன் ஆக்சைடுகளைத் திரும்பவும் சாதாரண நைட்ரஜனாக்கும். லாரியில் அதற்கு வினையூக்கி உண்டு, வெடிக்குழியில் வெடிப்பின் சூடுதான். ஆனால் யூரியாவும் ஆக்சிஜனைத் தின்னும். முழு டீசல் கலந்த மருந்தில் அதை மேலும் சேர்த்தால் ஒரு விஷத்தைக் குறைத்து இன்னொன்றைக் கூட்டியதாகும். அளவு பார்த்துக் கலப்பது உரிமம் பெற்ற தயாரிப்பாளரின் வேலை. வயலுக்கு வந்த வேம்பு பூசிய மூட்டையைப் பிரித்து நீங்களே கலக்க வேண்டாம். உயிருக்கும் ஆபத்து, சட்டப்படியும் குற்றம்.

நீற்றிய சுண்ணாம்பை, குழிவாயை அடைக்கும் மண்ணோடு சேர்ப்பது இன்னொரு வழி. நைட்ரஜன் டை ஆக்சைடு அமிலத் தன்மை உள்ளது என்பதால் அதில் ஒரு பகுதியைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். மண்ணுக்குப் பதில் தண்ணீர்ப் பை வைத்தால் தூசி நன்றாக அடங்கும், அந்த வாயுவும் கொஞ்சம் கரையும். கார்பன் மோனாக்சைடிடம் சுண்ணாம்பும் பலிக்காது, தண்ணீரும் பலிக்காது. கண்ணில் சுண்ணாம்பு பட்டால் என்னவாகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆட்களுக்குக் கண்ணாடி கொடுங்கள்.

திறந்த குவாரியில் காற்று நமக்குத் துணை. கிணற்றில் அதுவும் இல்லை. குவாரிக்குப் போகும் முன் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கிணறு வெட்டும் கூட்டத்தில் இருந்தேன். அறுபது அடி ஆழம். காலையில் வெடி வைத்தோம், பத்து மணிக்குப் புகை தெரியவில்லை. அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கினோம். சுடர் ஆடாமல் அழகாக எரிந்தது. கூட்டாளி இறங்கினார். கல்லைக் கூடையில் வைக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் நிமிர்ந்து பார்க்கிறார், எழ முடியவில்லை. இடுப்புக் கயிறு இருந்ததால் இழுத்துவிட்டோம். மேலே வந்து வாந்தி எடுத்தார், இரண்டு நாள் தலைவலி விடவில்லை. ஆக்சிஜன் குறைந்தால்தான் விளக்கு அணையும். கார்பன் மோனாக்சைடு ஆளைச் சாய்க்கும் அளவில் இருந்தாலும் அது எரிந்துகொண்டே இருக்கும் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதன்பின் ஒவ்வொரு வெடிக்கும் டிராக்டர் கம்ப்ரசர் குழாயை அடிவரை இறக்கி வெகுநேரம் காற்று ஊதிய பிறகே ஆளை விட்டோம். டிராக்டரின் புகைக்குழாய் கம்ப்ரசர் காற்று இழுக்கும் பக்கம் இருந்தால் அந்தப் புகையும் சேர்ந்தே உள்ளே போகும், அதையும் பார்த்து நிறுத்துங்கள்.

செம்மஞ்சள் புகையைச் சுவாசித்த ஆள் "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போக விடாதீர்கள். சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடைக்கும். அன்றே மருத்துவமனைக்கு அனுப்பி, என்ன புகை என்பதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

மீட்டர் வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நான்கு வாயு மீட்டர் கார்பன் மோனாக்சைடைக் காட்டும், நைட்ரஜன் டை ஆக்சைடைக் காட்டாது. அதற்குத் தனி சென்சார் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.