கரிசல் காட்டில் தேக்கா, கொண்டைக்கடலையா?

கேள்வி: விளாத்திகுளம் அருகே அப்பா வழியில் எனக்கு வந்த மூன்று ஏக்கர் கரிசல் நிலம் உள்ளது. மேற்கு எல்லையில் ஓர் ஓடை ஓடுகிறது. சித்தப்பா மகன் மானாவாரியாகக் கொண்டைக்கடலை போடுகிறார். கையில் எதுவும் நிற்பதில்லை என்கிறார். ஏக்கருக்கு 1,000 திசு வளர்ப்புத் தேக்கு வைத்தால் 15 ஆண்டுகளில் இரண்டரைக் கோடி ரூபாய் கிடைக்கும் என்று லிட்டில் இந்தியாவில் நடந்த ஒரு கூட்டத்தில் கூறினார்கள். பொது அதிகாரப் பத்திரமும் 500 சிங்கப்பூர் வெள்ளி முன்பதிவும் கேட்கிறார்கள். கடலையை விட்டுவிடலாமா? வீட்டுத் தாழ்வாரத்துத் தொட்டியில் என் மனைவி விதைத்த கடலைகூட வளர்ந்ததே தவிரக் காய்க்கவில்லை.

ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: விட வேண்டாம். நிலம் கரிசல் என்றும் மானாவாரி என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு சொற்களிலேயே விடை இருக்கிறது.

தேக்குக்கு ஆழமான, நீர் தேங்காத மண் வேண்டும். ஆண்டுக்கு 1,250 மில்லிமீட்டருக்குக் குறையாத மழையும், இலை உதிர்த்து ஓய்வெடுக்க மூன்று முதல் ஐந்து மாத வறட்சியும் வேண்டும். உங்கள் ஊரில் வறட்சிக்குக் குறைவில்லை, ஆனால் மழை ஏறத்தாழ அதில் பாதிதான், அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அப்போது களிமண் உப்பி, நீர் தேங்கி, வேர் மூச்சுத் திணறுகிறது. சித்திரையில் அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்து, இளம் வேர்களை அறுத்துவிடுகிறது. இத்தகைய விற்பனைத் தாள்களில் நிலம்பூர்த் தேக்கின் படத்தைப் போடுவது வழக்கம். 1840களில் ஆட்சியர் கனோலியின் முயற்சியால் உருவான அந்தத் தோட்டம் சாலியாற்றங்கரை வண்டலில், கேரளத்தின் பெருமழையில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

கடலைக்கோ அந்தக் கரிசலின் குணமே மூலதனம். மழை ஓயும் நேரத்தில், நவம்பர் முதல் பாதிக்குள் விதைத்துவிட்டால், மண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்தையும் மார்கழிப் பனியையும் கொண்டே ஏறத்தாழ 100 நாளில் விளைந்துவிடும். வேர் முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்து, அடுத்த பயிருக்கும் சிறிது விட்டுச் செல்லும். உங்கள் தாழ்வாரத்தில் காய்க்காததற்குக் காரணம் மனைவியின் கைராசி அன்று; இரவு குளிராமலும் ஆண்டு முழுவதும் மழையும் ஈரக் காற்றுமாகவும் உள்ள சிங்கப்பூரில் அந்தச் செடி தழைக்கும், பூ நிற்காது. வறட்சிப் பருவமே இல்லாத இங்கே தேக்குக்கும் இது சொந்த ஊர் ஆகாது.

இப்போது அந்த இரண்டரைக் கோடிக்கு வருவோம். 1,000 கன்றை 25,000 ரூபாயால் பெருக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்ட தேக்கைச் சில ஆண்டுகளிலிருந்தே கலைத்து வெட்டிக்கொண்டே வர வேண்டும். 20 ஆண்டு கடந்து நிற்பவை ஏக்கருக்கு 200 அல்லது அதற்கும் குறைவு. கலைத்து எடுத்தவை கம்புக்கும் விறகுக்கும் போகும். பதினைந்து வயது மரத்தில் வைரம் சிறிது, வெளிப்புற வெள்ளைப் பகுதி மிகுதி. கரையான் அந்த வெள்ளையைத் தின்னும் என்பதால் நிலைக்கும் கதவுக்கும் மரம் வாங்குபவர் அதற்கு விலை தர மாட்டார். திசு வளர்ப்பு என்பது கன்றை உண்டாக்கும் முறை மட்டுமே. மண்ணின் குறையை அது மாற்றாது. 1990களில் தமிழ்நாட்டில் தேக்குத் தோட்டத் திட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் பணத்தைத் தொலைத்த பிறகுதான், 1999இல் கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதிகளைக் கொண்டுவந்தது. பணம் போன பிறகு விதி வருவது நம் நிர்வாகத்தின் பழைய வழக்கம்.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து அந்தப் பொது அதிகாரப் பத்திரம். விற்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் தரும் ஒரு வரி அதில் இருந்தால், மரம் வளர்வதற்கு முன்பே நிலம் கைமாறிவிடலாம். சாகுபடிக்கு மட்டுமான சிறப்பு அதிகாரத்தை, அதுவும் சித்தப்பா மகனுக்குக் கொடுங்கள். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை இங்கிருந்தே அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து நிலத்தையும் சேர்த்து வாங்கித் தருவதாக அவர்கள் சொன்னால் காது கொடுக்க வேண்டாம். வெளிநாட்டில் வாழும் நீங்கள் பரம்பரை விளைநிலத்தை வைத்துக்கொள்ளலாம், ரிசர்வ் வங்கியின் அனுமதியின்றி விலைக்கு வாங்க முடியாது.

தேக்கு மீது ஆசை தீராவிட்டால், ஒரே ஓர் இடம் உண்டு: ஓடைக்கரை. அங்கே வண்டல் படிந்து, நீரும் வடியுமானால், மூன்று மீட்டர் இடைவெளியில் ஒற்றை வரிசையாக வைக்கலாம். புறம்போக்கில் அன்று, அளந்து கல் நட்ட உங்கள் பட்டா எல்லைக்குள். மேற்கு எல்லை என்பதால் மாலை நிழல் மட்டுமே கடலை மேல் விழும், அதனால் பாதகமில்லை. அதையே தெற்கு எல்லையில் வைத்திருந்தால், ஐப்பசி முதல் தை வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் என்பதால் நாள் முழுவதும் பயிர் நிழலில் வாடும். வரிசைக்கும் பயிருக்கும் நடுவே முழங்கால் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் வேர் உள்ளே வருவது குறையும். முதல் இரண்டு கோடையிலும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் வைக்கவே வேண்டாம். வைத்த ஆண்டே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி கிராமச் சாகுபடிப் பதிவேடான அடங்கலில் மரங்களைப் பதிவு செய்துவிடுங்கள். பிற்காலத்தில் வெட்டி எடுத்துச் செல்ல வனத்துறை அனுமதி கேட்கும்போது அந்தப் பதிவுதான் துணை நிற்கும்.

கடலையில் கையில் எதுவும் நிற்காததன் காரணத்தைச் சித்தப்பா மகனோடு பேசிப் பாருங்கள். ஏக்கருக்கு 400 கிலோ விளைந்து, 2025-26 பருவத்துக்கு அரசு அறிவித்த ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 5,650 ரூபாய் கிடைத்தாலும், செலவைக் கழிக்கும் முன்பே 22,600 ரூபாய்தான். கொள்முதல் நிலையம் திறக்கத் தாமதமாகும்போது, கடனுக்காகக் கமிஷன் கடையில் அவர்கள் சொன்ன எடைக்குக் கொட்டுபவர்களே அதிகம். மீதியைக் காய்ப்புழு எடுத்துக்கொள்கிறது: தலையைக் காய்க்குள் விட்டு, உடலை வெளியே தொங்கவிட்டுத் தின்னும் அந்தப் புழு இருக்கும் செடியில், வட்டமான ஓட்டையுடன் வெற்றுக் கூடுகளே எஞ்சும். பூக்கும் முன்பே இனக்கவர்ச்சிப் பொறியும், பறவைகள் உட்கார நட்ட குச்சிகளும் வேண்டும். 30ஆம் நாளில் நுனி கிள்ளினால் பக்கக் கிளை கூடும். கடைகளில் பார்க்கும் பெரிய வெள்ளைக் கடலையை அங்கே முயல வேண்டாம். அதற்கு நீண்ட குளிர் தேவை, சிறிய பழுப்பு நிறக் கடலையே போதும். கோவில்பட்டியிலேயே வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. புரட்டாசியில் சித்தப்பா மகன் அங்கே போய் விதை பற்றியும் விதைநேர்த்தி பற்றியும் கேட்டு வரட்டும்.

அந்த 500 வெள்ளியைக் கொடுக்க வேண்டாம். அதில் பாதிக்கும் குறைவான தொகையில் மூன்று ஏக்கருக்கும் வேண்டிய விதையும், வேர் முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் உரமான ரைசோபியமும் வாங்கிவிடலாம்.