உப்புத் தண்ணிக்கு மேலே இன்னும் உப்பா?

கேள்வி: கோயம்புத்தூர் வடவள்ளியில் இருக்கிறோம். டிஷ்வாஷர் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. சமையலறைக் குழாயில் வருவது போர் தண்ணி. டி.டி.எஸ். (தண்ணியில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவு) 1,100 என்று ஃபில்டர் சர்வீஸ்காரர் சொன்னார். எவர்சில்வர் தட்டெல்லாம் விபூதி பூசின மாதிரி வருகிறது, கண்ணாடி டம்ளர்கள் மங்கிவிட்டன. மெஷினுக்கு உப்பு போடச் சொல்கிறார்கள். தண்ணியே உப்பு, அதில் இன்னும் ஒரு கிலோ உப்பைக் கொட்டினால் என்ன ஆகுமோ என்று இதுவரை போடவே இல்லை. போட்டே ஆகவேண்டும் என்றால் வீட்டில் இருக்கிற கல் உப்பு போதுமா? அல்லது சிறுவாணிக் குடிநீர் லைனுக்கே மாற்றிவிடலாமா?

பதில்: உங்கள் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் பேச்சு வழக்குதான். நாக்கில் கரிக்கிற தண்ணியும் நமக்கு உப்புத் தண்ணி, சோப்பு நுரைக்காத தண்ணியும் உப்புத் தண்ணி. ஹீட்டர் காயிலில் கெட்டியாக ஒட்டியிருப்பதைப் பார்த்தாலும் ‘உப்புப் பிடிச்சிருக்கு’ என்கிறோம். அது சுண்ணாம்பு. மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் வெட்டி சிமெண்ட் செய்கிற ஊர் நம்முடையது. காட்டைக் கொத்தினால் சுக்காங்கல் கிளம்புகிற மண். அதற்குள் இறங்குகிற மழைத்தண்ணி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டுதான் போருக்கு வந்து சேரும். கரைந்திருக்கிற வரை கண்ணுக்குத் தெரியாது. மெஷினுக்குள் 60, 70 டிகிரி சூடு ஏறியதும் பிரிந்து வந்து தட்டில் படியும். நீங்கள் பார்க்கிற விபூதி அதுதான்.

இதைப் பிடித்து வைக்கத்தான் மெஷினின் அடியில் ஒரு சிறு டப்பா இருக்கிறது. அதற்குள் ரவை அளவில் பிசின் மணிகள். தண்ணி அந்த மணிகளைத் தாண்டி வரும்போது கால்சியமும் மக்னீசியமும் மணியில் ஒட்டிக்கொள்ளும். பதிலுக்கு மணியிலிருந்து சோடியம் தண்ணிக்கு வரும். சோடியம் சூட்டில் பாறையாகப் படியாது. கொஞ்ச நாளில் மணிகள் நிரம்பி ஓய்ந்துவிடும். அப்போது மெஷின் தானாகவே உப்புக் கரைசலை அவற்றின் மேல் ஓட்டி, பிடித்து வைத்த சுண்ணாம்பையெல்லாம் கழற்றிச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். நீங்கள் போடுகிற உப்புக்கு இதுதான் வேலை. அது பாத்திரத்தைத் தொடுவதே இல்லை. உப்பு போடாமல் எட்டு மாதம் ஓட்டியதால் மணிகள் எப்போதோ நிரம்பியிருக்கும். போர் தண்ணி அப்படியே தட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

கல் உப்பு வேண்டாம். உப்பளத்துக் கல் உப்பில் மண்ணும் உண்டு, மக்னீசியமும் கால்சியமும் உண்டு. எதை வெளியேற்றப் பார்க்கிறோமோ அதையே உள்ளே விடுவது, திருடனைக் காவலுக்கு வைக்கிற கதை. தூள் உப்பு இன்னும் மோசம். நான் பார்க்கப் போன ஒரு வீட்டில் மெஷினுக்குள் உப்பு போடுகிற அறையின் மூடியைத் திறந்தால், உள்ளே அச்சு வெல்லம் போல ஒரே கட்டி. கரண்டிக் காம்பால் குத்தினாலும் அசையவில்லை. வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கரைத்தெடுக்க ஒரு மதியம் போயிற்று. டிஷ்வாஷர் சால்ட் என்று தனியாகவே கிடைக்கிறது. பரல் பரலாக இருக்கும், அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்காது. அதையே வாங்குங்கள்.

முதல் தடவை மட்டும் அந்த அறையை விளிம்பு வரை தண்ணியால் நிரப்பிவிட்டு, பிறகு புனலில் உப்பைப் போட வேண்டும். கிட்டத்தட்ட ஒரு கிலோ பிடிக்கும். போடப் போடத் தண்ணி வழியும், பயப்படாதீர்கள். ஆனால் வழிந்ததைத் துடைத்து, மூடியை இறுக்கி, உடனே ஒரு வாஷ் ஓட்டிவிடுங்கள். உப்புத் தண்ணி அடித்தட்டில் இரவு முழுக்க நின்றால் எவர்சில்வரிலும் துரு வைக்கும்.

உப்பு போட்டால் மட்டும் போதாது. தண்ணி எவ்வளவு கடினம், அதாவது அதில் எவ்வளவு சுண்ணாம்பு கரைந்திருக்கிறது என்று மெஷினுக்குச் சொல்ல வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கடையில் வைத்துக் கொடுத்த நடுத்தர செட்டிங்கிலேயே வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் 1,100 இதற்கு உதவாது. டி.டி.எஸ். மீட்டர் கரைந்திருப்பதையெல்லாம் சேர்த்துச் சொல்கிறது, அதில் சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கடினத்தன்மையைத் தனியாகப் பார்க்க வேண்டும். சொட்டு சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கிட் ஆன்லைனில் கிடைக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தும் பார்க்கலாம். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண் வரும். குடிநீருக்கான இந்தியத் தர அளவு 200 வரை சரி என்கிறது, வேறு வழியில்லை என்றால் 600 வரை. மெஷின் புத்தகத்தில் கடினத்தன்மையை ஜெர்மன் டிகிரியில் போட்டிருந்தால் உங்கள் எண்ணை 17.8 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 450 வந்தால் 25 டிகிரி. உங்கள் மாடல் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பதையும் அங்கேயே பாருங்கள். எல்லா மாடலும் ஒன்றல்ல. ‘ஆல் இன் ஒன்’ டிடர்ஜென்ட் மாத்திரை போட்டால் உப்பே வேண்டாம் என்பார்கள். அது பொதுவாக 21 டிகிரி வரைக்கும்தான் பேச்சு.

கடைசி அலசலில் சேர்கிற திரவமான ரின்ஸ் எய்டைத் தவறாமல் ஊற்றுங்கள். தண்ணி முத்து முத்தாக நின்று காயாமல் படலமாக வழிந்துவிடும். அதற்குப் பதில் வினிகர் ஊற்றச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. நாளடைவில் ரப்பர் பாகங்களைக் கெடுக்கும், வேண்டாம்.

எட்டு மாதச் சுண்ணாம்பு மெஷினுக்குள்ளும் இருக்கும். தண்ணி பீய்ச்சிச் சுழல்கிற கைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடைத்த துளைகளை விளக்குமாற்று ஈர்க்குச்சியால் குத்தி எடுங்கள். பிறகு சுண்ணாம்பைக் கரைக்கிற, டிஷ்வாஷருக்கான டீஸ்கேலர் போட்டு, பாத்திரம் இல்லாமல் அதிகச் சூட்டில் ஒரு தடவை ஓட்டுங்கள்.

மங்கிய டம்ளர்களில் ஒன்றை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணியில் பத்து நிமிஷம் போடுங்கள். தெளிந்தால் சுண்ணாம்பு, மற்றதையும் அப்படியே மீட்கலாம். தெளியாமல், வெளிச்சத்தில் லேசாக வானவில் நிறம் அடித்தால் கண்ணாடியே அரித்திருக்கிறது. அதற்கு மருந்தில்லை, பேனா போட்டு வைக்கலாம்.

இப்போது சிறுவாணிக்கு வருவோம். உப்பும் செட்டிங்கும் சரியான பிறகும் தட்டில் வெண்மை நின்று, ஈரத் துணியால் துடைத்தவுடன் போய்விட்டால், அது நிஜமான உப்பு. பிசின் மணிகள் கால்சியத்தைச் சோடியமாக மாற்றித்தான் கொடுக்கும், டி.டி.எஸ்.ஸைக் குறைக்காது. அந்த நிலையில் லைனை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு வாஷுக்குப் பத்துப் பதினைந்து லிட்டர்தான் ஆகும். முறை வைத்து வருகிற தண்ணியானாலும் சேமித்து வைத்தால் சமாளிக்கலாம். ஆனால் பல மெஷின்கள் 0.5 பார் அழுத்தமாவது கேட்கும். அதற்குத் தொட்டி குழாயைவிட 5 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். நல்ல தண்ணிக்கென்று லாஃப்டில் வைத்திருக்கும் சின்ன டேங்க் போதாது.

மாற்றினால் செட்டிங்கையும் மாற்றுங்கள். சிறுவாணி சுண்ணாம்பு குறைந்த மெது நீர், கடினத்தன்மையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிடலாம், உப்பும் வேண்டியதில்லை. டிடர்ஜென்ட் அளவைப் பாதியாக்குங்கள். மெது நீரில் பழைய அளவே போட்டால், மிஞ்சுகிற காரம் கண்ணாடியைத் தின்ன ஆரம்பிக்கும். பேனா டம்ளர்கள் கூடிக்கொண்டே போகும். சிறுவாணி தீர்ந்து இரண்டு நாள் போர் தண்ணியைத் திருப்பிவிடுவீர்கள் என்றால் பூஜ்யம் வைக்காதீர்கள். போர் தண்ணியின் எண்ணையே வைத்து, உப்பையும் தொடர்ந்து போட்டு வாருங்கள்.