முதலில் அப்பத்தாவின் சொம்பு

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். பெங்களூருவுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஏழு. தமிழ் பேசுவார்கள், எழுதப் படிக்க வராது. இந்த மே விடுமுறையில் பத்து நாளில் அவர்களுக்குத் தமிழ்நாட்டைக் காட்டிவிட நினைக்கிறேன். மாமல்லபுரம், தஞ்சாவூர், கன்னியாகுமரி, ஊட்டி, கடைசியாக மதுரை. போன முறை இப்படிப் போனபோது காரில் தூங்கினார்கள், இறங்கிய இடத்திலெல்லாம் "எப்போ ரூமுக்குப் போவோம்" என்றார்கள். இந்தத் தடவை என்ன செய்யலாம்?

எஸ்., பெங்களூரு

அன்புள்ள எஸ்.,

பத்து நாளில் இத்தனை ஊர் என்றால் பாதிப் பொழுது காரிலேயே போய்விடும். பிள்ளைகள் தூங்கத்தான் செய்வார்கள். தஞ்சாவூரும் ஊட்டியும் அடுத்தடுத்த வருஷங்களுக்கு இருக்கட்டும். இந்த முறை உங்கள் ஊர் வீட்டிலேயே தங்கி, உங்கள் பக்கத்து வயலுக்கு வரும் தண்ணீரின் தடத்தைப் பிடித்துக்கொண்டு போங்கள். மலையும் கோயிலும் நகரமும் அந்த வழியிலேயே வந்துவிடும்.

மேலூர் வயல்களில் பாயும் பெரியாற்றுத் தண்ணீர் மேற்கே போய் அரபிக்கடலில் விழ வேண்டியது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, வைகையில் சேர்த்து, பேரணை என்ற தடுப்பணையில் பிரித்து உங்கள் ஊர் வரைக்கும் கொண்டுவந்தார்கள். இதை வாய்க்கால் கரையில் நடந்துகொண்டே சொல்லுங்கள். "இன்னும் மேலே போனா என்ன இருக்கும்?" என்று அவர்களே கேட்பார்கள். கேட்ட பிறகு வைகை அணைக்கும் கம்பம் பக்கமும் கூட்டிப் போங்கள், அதற்கு முன்னால் வேண்டாம்.

மே மாதம் கண்மாய் வற்றிக் கிடக்குமே என்று யோசிப்பீர்கள். அதுவும் வசதிதான். தண்ணீர் நிற்கும்போது பார்க்க முடியாததையெல்லாம் உள்ளே இறங்கிப் பார்க்கலாம். பழைய கண்மாய்கள் சிலவற்றில் உள்ளே இரண்டு கல்தூண் நிற்கும். அது குமிழி மடை. மேல் துளை வழியே தண்ணீர் போகும். அடியில் சேறோடித் துளை, வண்டலை வெளியே தள்ளிவிடும். தூர் சேராமல் இருக்க அந்தக் காலத்திலேயே செய்த ஏற்பாடு. ஊரில் நீர்பாய்ச்சி, அதாவது மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர், யாராவது இருந்தால் அவரையே சொல்லச் சொல்லுங்கள். நிறைந்த கண்மாயில் முங்கிப் போய் மடை திறந்த கதையை அவர் சொன்னால் உங்கள் மகன் அசையாமல் கேட்பான்.

அரிட்டாபட்டி உங்களுக்குப் பக்கம்தான். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். விடியும் முன்பே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். லகர் வல்லூறு கண்ணில் படாவிட்டாலும் சுனைகள் இருக்கின்றன, குடைவரைக் கோயில் இருக்கிறது, சமணத் துறவிகள் தங்கிய கற்படுக்கைக்கு மேலே தமிழிக் கல்வெட்டும் இருக்கிறது. தமிழி என்பது தமிழின் மிகப் பழைய எழுத்து, தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். தமிழி எழுத்துக்கு முன்னால் உங்களுக்கும்தான் படிக்க வராது. கூட்டல் குறி மாதிரி இருப்பது 'க' என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதைத் தேடுகிற வேலையை மகளிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் பழைய ஊர் ஒன்றை அகழ்ந்தெடுத்த கீழடி. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அருங்காட்சியகம் 2023-இல் திறந்தது. என் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன், அவளுக்கு எட்டு வயது. உறைகிணற்றைப் பார்த்தாள், பாசிமணிகளைப் பார்த்தாள், எதிலும் நிற்கவில்லை. பெயர் கீறிய பானை ஓடுகள் பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். "ஆதன்" என்று ஒருவர் பெயர், அவ்வளவுதான். "மாமா, ஏன் பானையில பேரு எழுதியிருக்காங்க?" என்றாள். "நம்ம வீட்டுச் சொம்புல பேரு வெட்டியிருக்குல்ல, ஏன்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். "விசேஷ வீட்டுக்குக் குடுத்தா மாறிப் போயிரும்ல" என்றாள். திரும்பவும் ஓட்டுப் பக்கம் குனிந்து, "அப்ப ஆதனும் குடுத்திருப்பாரா?" என்று கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

மதுரைக்கு ஒரு நாள் போதும். கோயிலுக்குள்ளிருந்து வெளியே நடந்து வாருங்கள்: ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. மாதங்களின் பெயர்கள் காலிலேயே பதிந்துவிடும். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளம். அங்கேயும் வைகைத் தண்ணீர் பனையூர்க் கால்வாய் வழியாகத்தான் வருகிறது, பிள்ளைகளிடம் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் வரும் நாளில் சித்திரைத் திருவிழா அமைந்தால், சின்னப் பிள்ளைகளை ஆற்றுக்குள் கொண்டுபோக வேண்டாம், நெரிசல் தாங்காது. அழகர்கோவில் சாலையில் ஏதாவது ஒரு மண்டகப்படியில் முன்னாலேயே போய் நின்றுகொள்ளுங்கள். அழகர் பக்கத்திலேயே வருவார். வழியில் கொடுக்கிற மோரையும் பானகத்தையும் பிள்ளைகளே கைநீட்டி வாங்கிக் குடிக்கட்டும்.

கீழடிக்குப் போவதற்கு முதல் நாள் ராத்திரி ஒன்று செய்யுங்கள். உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பரணிலிருந்து பழைய பாத்திரங்களை இறக்குங்கள். எந்தச் சொம்பில் யார் பெயர் இருக்கிறது, அவர் யார், எந்தக் கல்யாணத்துக்கு வந்தது என்று அப்பத்தாவே பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.