குரல் உடைந்துவிட்டது, இனி நான் யார்?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு 17 வயது. பிளஸ் டூ படிக்கிறேன். பத்து வயதில் டிவி பாட்டுப் போட்டி ஒன்றில் ஜெயித்தேன். அதன்பின் சில வருடங்கள் ஊர் ஊராகக் கச்சேரி, பேனர், செல்ஃபி. பதினாலு வயதில் குரல் உடைந்தது. அப்புறம் யாரும் கூப்பிடவில்லை. கல்யாண வீடுகளில் மட்டும் அந்தப் பழைய பாட்டைப் பாடச் சொல்கிறார்கள். வரமாட்டேன் என்கிறது. "கமல் அஞ்சு வயசுல வந்தவர்தானே, விடாம முயற்சி பண்ணு" என்கிறார் அப்பா. எனக்குப் பாட்டு உண்மையிலேயே பிடிக்குமா என்பதே இப்போது தெரியவில்லை. நான் யார் அக்கா?
- பெயர் வேண்டாம், திருநெல்வேலி

பதில்: தம்பி, உன் கடைசிக் கேள்விக்கு 17 வயதில் யாரிடமும் பதில் இருக்காது. உன் வகுப்புப் பையன்களைக் கேட்டுப் பார், முழிப்பார்கள். ஆனால் அவர்களை யாரும் அவசரப்படுத்துவதில்லை. உனக்கோ பத்து வயதிலேயே ஊர் ஒரு பதிலை எழுதிக் கொடுத்து, நாலு வருடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. குழப்பம் வராமல் என்ன செய்யும்?

குரல் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். இந்த வயதில் பையன்களுக்குக் குரல்வளை வளரும், குரல் நாண்கள் நீளும், குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ‘ச’விலிருந்து அடுத்த கீழ் ‘ச’ வரை, இறங்கும். அன்றைக்கு ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் பாடியதை இன்றும் அதே சுருதியில் இழுத்தால் தொண்டை புண்ணாவதுதான் மிச்சம். வளர்ந்த ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில்தான் பாடுகிறார்கள்.

பழைய நாடக பாய்ஸ் கம்பெனிகளில் இதை மகரக்கட்டு உடைவது என்பார்கள். பெண் வேடத்தையும் பையன்களே போட்ட காலம் அது. மகரக்கட்டு உடைந்தால் பாட்டும் போச்சு, மவுசும் போச்சு. பின்னாளில் சினிமா நட்சத்திரமான புதுக்கோட்டை பி.யு.சின்னப்பாவுக்கும் இது நடந்தது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடிப் பெயர் வாங்கியிருந்தவர், குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார். அங்கே முறையாகக் கர்நாடக சங்கீதம் கற்றார். கூடவே சிலம்பம், குஸ்தி, பளு தூக்குவது. (எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது அந்தச் சிலம்பம்தான்.) 1936இல் சினிமாவுக்கு வந்தார். 1940இல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம் போட்டபோது, பாய்ஸ் கம்பெனிப் பையனின் குரலை அவரிடம் யாரும் தேடவில்லை.

அப்பா சொல்லும் கமல் கதையிலும் நடுவில் சில பக்கங்கள் விட்டுப்போயிருக்கின்றன. 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'. 1975இல் 'அபூர்வ ராகங்கள்'. இடையில் டி.கே.எஸ். நாடகக் குழுவில் இருந்தார், தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக வேலை பார்த்தார். உதவியாளருக்கு யார் பேனர் வைப்பார்கள்? அந்த மாதிரி வருடங்கள் உனக்கும் வேண்டும் என்று அப்பாவிடம் சொல்.

பாட்டு பிடிக்குமா, கைதட்டல் பிடிக்குமா என்று உனக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. இரண்டும் உனக்கு ஒரே நாளில் வந்தன. இப்போது பிரித்துப் பார்க்கலாம். பரீட்சை முடியும்வரை எந்த மேடையிலும் ஏறாதே, போனில் பாடி எங்கேயும் போடாதே. கேட்க ஆளில்லாதபோது தானாக முணுமுணுக்கிறாயா என்று மட்டும் பார். முணுமுணுத்தால் நல்ல வாத்தியாரிடம் போய், உன் புதுச் சுருதியில் முதல் பாடமான சரளி வரிசையிலிருந்து ஆரம்பி. முணுமுணுக்கவில்லையா, விட்டுவிடு. பாட்டு ஒன்றும் உன்மேல் வழக்குப் போடாது.

நடுவில் உனக்குச் சுத்தமாக வராத ஏதாவது ஒன்றைச் செய்து பார். நீச்சல் தெரியுமா? தாமிரபரணிக் கரைப் பையன், ஆனால் கச்சேரி கச்சேரியாக அலைந்ததில் சளி பிடிக்கும் என்று உன்னை ஆற்றில் இறங்கவே விட்டிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். நாலு பேர் சிரிக்க, தத்தளித்துக் கற்றுக்கொள்வது உனக்கு இப்போது நல்லது. சின்ன வயதிலிருந்தே ஜெயித்தவனாகவே உன்னைப் பார்த்திருக்கிறார்கள்.

கல்யாண வீட்டில், "குரல் மாறிடுச்சு மாமா, இப்போ பாடுறதில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பந்திக்கு நடையைக் கட்டு. சில கல்யாணங்களில் கேட்டுப் பார்ப்பார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள். மைக்கை முதலில் உன் பக்கம் தள்ளுவது அப்பாதான் என்றால், கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் சம்பாதிப்பதில் குறைந்தது 20 சதவீதத்தை, தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரிலேயே பிக்சட் டெபாசிட்டாகப் போட வேண்டும் என்று 2017இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 18 வயது முடிந்ததும் அந்தப் பணம் உன் கைக்கு வரவேண்டும். அடுத்த பிறந்தநாளுக்கு முன் அப்பாவிடம் அந்த ரசீது எங்கே என்று கேள். சண்டைக்குப் போகாதே, சாதாரணமாகக் கேள். அவருக்கே அந்த விதி தெரியாமல் இருந்திருக்கலாம். பணம் இருந்தால், கல்லூரியில் என்ன படிப்பது என்று யோசிக்கும்போது ஃபீஸ் கவலையில் கொஞ்சமாவது குறையும்.