அண்ணன் குடித்தால் மூளைமேல் பழியா?

கேள்வி: சைக்காலஜி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மூன்று மாதம் குடிக்காமல் இருந்த அண்ணன் மறுபடி ஆரம்பித்துவிட்டான். ‘எல்லாம் திமிர்’ என்கிறார் அப்பா. டாக்டர் சொல்லியும் மூக்குப்பொடியை விடாதவர் அவர். கேட்டால் ‘அது பழக்கம்’ என்பார். ‘நாம் நினைப்பதற்கு முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது, லிபெட் நிரூபித்துவிட்டார், அண்ணன் மேல் தப்பே இல்லை’ என்றேன். பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். யார் சொல்வது சரி?
– பெயர் வேண்டாம், பெரம்பூர்

பதில்: தட்டைத் தள்ளியது தப்புதான். ஆனால் பாவம், லிபெட்டை நீங்கள் தூக்க முடியாத பாரத்தைத் தூக்கச் சொல்கிறீர்கள்.

அமெரிக்க மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-ல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்கள் மனதில் தோன்றும்போது கையை லேசாக அசைக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அசைவுக்குச் சுமார் அரை நொடி முன்பே மூளையில் மின் அலை ஏறத் தொடங்கியது. அசைக்கும் எண்ணம் வந்ததாக அவர்கள் சொன்னதோ அசைவுக்கு 0.2 நொடி முன்புதான். இத்தனை சண்டையும் இந்த இடைவெளிக்காக. ‘வேண்டாம்’ என்று கடைசி நேரத்தில் நிறுத்த நம்மால் முடியும் என்று லிபெட்டே நம்பினார். அந்த அலை, மூளை முன்பே முடிவெடுத்துவிட்டதற்கு அடையாளமே அல்ல, மூளையின் தற்செயலான ஏற்ற இறக்கமாக இருக்கலாம் என்று 2012-ல் ஆரோன் ஷுர்கர் குழு வாதிட்டது.

காரணமே இல்லாமல் கையை அசைப்பதும், ஒருவர் சட்டையை மாட்டி, பணம் தேற்றி, டாஸ்மாக் வரிசையில் நின்று, பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு வருவதும் ஒன்றா? இது அரை மணி நேர வேலை. குடி முற்றியவருக்கு அந்த அரை மணியில் திரும்பி நடப்பது நம்மைவிடப் பல மடங்கு கஷ்டம். ஆனால் அண்ணன் மூன்று மாதம் திரும்பித்தானே நடந்திருக்கிறார்? ‘தப்பே இல்லை’ என்று சொல்லி அந்தப் பெருமையையும் அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.

சரி, அப்பாவுக்கு வருவோம். அடுத்தவர் செய்வதற்கெல்லாம் அவர் குணத்தையே காரணமாகப் பார்க்கும் சாய்வுக்கு 1977-ல் உளவியலாளர் லீ ராஸ் ‘அடிப்படைக் காரணங்காட்டல் பிழை’ என்று பெயர் வைத்தார். மனிதருக்கெல்லாம் இது பொது என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். 1984-ல் ஜோன் மில்லர் அமெரிக்கர்களையும் மைசூர்வாசிகளையும் ஒப்பிட்டபோது, வயதுவந்த மைசூர்க்காரர்கள் குணத்தைவிடச் சூழ்நிலையையே அதிகம் காரணம் சொன்னார்கள். மேற்கத்தியக் கல்லூரி மாணவர்களை வைத்தே உலகத்தை அளந்த வினை. (உங்கள் அப்பா மட்டும் அமெரிக்கா பக்கம் போலிருக்கிறது, மூக்குப்பொடி தவிர!) நீங்களும் தப்பவில்லை. அண்ணன் மேல் பாசம், அதற்குத் தோதான ஆதாரத்தை மட்டும் பாடத்திலிருந்து உருவிக்கொண்டீர்கள்.

மறுபடி குடிப்பது இந்த நோயில் சகஜம். சிகிச்சை வீணாகிவிட்டதாக அர்த்தமில்லை. தினமும் நிறையக் குடிப்பவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், டாக்டர் மேற்பார்வை வேண்டும். முன்பு பார்த்த இடம் சரிப்படவில்லை என்றால், இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. அப்பாவையும் கூட்டிப் போங்கள். பெரம்பூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரே பூங்கா நகரில் பறக்கும் ரயில். வழியில் லிபெட் பேச்சு மட்டும் வேண்டாம்.