ஆணி குத்தினாலும் வண்டி ஓடுமா? – டயர் கேள்வி பதில்

நாமக்கல்லில் லாரி டயரோடு டூவீலர் டயரும் பார்க்கிற கடைக்காரன் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பஞ்சர் பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. தோப்புகளுக்கு நடுவே போகிற ரோட்டில் ஸ்கூட்டரில் தனியாக வீடு திரும்புகிறேன். டியூப்லெஸ் டயர்தான். 'ஜெல் ஊத்திக்குங்க, பஞ்சரே ஆகாது' என்கிறார்கள். நம்பலாமா? – வாசகி, பொள்ளாச்சி

ஊற்றிக்கொள்ளுங்கள் அம்மணி. 'பஞ்சரே ஆகாது' என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். ஆணி குத்தத்தான் செய்யும். ஜெல் என்பது டயருக்குள் ஊற்றுகிற திரவம்; வண்டி ஓடும்போது அது டயரின் உள்பக்கம் முழுக்கப் பரவுகிறது. ஓட்டை விழுந்ததும் உள்ளே இருக்கிற காற்றின் அழுத்தமே அதை ஓட்டைக்குள் தள்ளுகிறது. அதில் கலந்திருக்கும் நார்த் துணுக்குகள் போய் அடைத்துக்கொள்கின்றன. ரோட்டில் படுகிற பட்டன் பகுதியில் சின்ன ஆணி, கம்பி குத்தினால் இது நன்றாக வேலை செய்யும். டயரின் பக்கச் சுவரில் கிழிந்தாலோ, கண்ணாடி வெட்டினாலோ ஒன்றும் செய்யாது.

ஜெல் ஊற்றியவர்களிடம் நான் பார்க்கிற பெரிய தொல்லை வேறு. காற்று இறங்காததால் ஆணி குத்தியதே அவர்களுக்குத் தெரிவதில்லை. அது மாதக்கணக்கில் உள்ளேயே இருந்து, ஓட ஓட ஆடி, ஓட்டையைப் பெரிதாக்கிவிடுகிறது. அதனால் வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றி, பட்டன்களுக்கு நடுவே பாருங்கள். ஆணி இருந்தால் நீங்களே பிடுங்க வேண்டாம், கடைக்கு ஓட்டிப் போய்ப் பிடுங்கி, முறையாக அடைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் போடுகிறவரிடம் 'உள்ளே ஜெல் இருக்கு' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் டயரைக் கழற்றவிட்டால் அவர் சட்டையெல்லாம் அதுதான், அப்புறம் அவர் போடுகிற பஞ்சரில் அந்தக் கோபம் தெரியும்.

காற்று பிடிக்கும்போதும் செக் பண்ணும்போதும் வால்வு மேலே இருக்கிற மாதிரி சக்கரத்தை நிறுத்துங்கள். கீழே இருந்தால் தேங்கிய ஜெல் வால்வு பின்னில் ஏறி அடைத்துக்கொள்ளும். ஓரிரு வருஷத்தில் அது உலர்ந்துபோகும், பாட்டிலில் போட்டிருக்கிற காலக்கெடுவைப் பார்த்து மாற்றுங்கள். டயர் வாரண்டி அட்டையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். இந்தத் திரவம் ஊற்றினால் வாரண்டி கிடையாது என்று சிலவற்றில் போட்டிருக்கும்.

இன்னொன்று. நீங்கள் ஓட்டுவது டியூப்லெஸ் என்பதே பாதி தைரியம். ஆணி உள்ளே இருக்கிற வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும், பெரும்பாலும் வீடு வந்து சேர்ந்துவிடலாம். சீட்டுக்கு அடியில் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெல்லா பம்பா என்று கேட்டால் நான் முதலில் பம்ப்தான் வாங்குவேன்.

என்னுடையது பழைய ஸ்ப்ளெண்டர், ஸ்போக் வீல். டியூபை எடுத்துவிட்டு டியூப்லெஸ் டயர் போடலாமா? – வாசகர், விருதுநகர்

கூடாது. ஸ்போக் மாட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் ரிம்மில் ஓட்டை இருக்கிறது, சல்லடையில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். அதைவிட முக்கியம், டியூப்லெஸ் ரிம்மின் உள்ளே டயரின் ஓரம் உட்காருகிற இடத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு உண்டு. காற்று குறைந்தாலும் டயர் சட்டென்று நழுவி விழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். டியூப் ரிம்மில் அந்தப் பிடிமானத்தை எதிர்பார்க்க முடியாது. அலாய் வீல் எல்லாமே டியூப்லெஸ் என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அலாயிலும் டியூப் வகை இருக்கிறது. டியூப்லெஸ் டயருக்கு ஏற்றது என்று ரிம்மிலேயே பொறித்திருக்கிறதா பாருங்கள்.

டியூப்லெஸ் டயரை மாட்டி உள்ளே டியூபும் போடுகிற வழக்கம் நம் ஊரில் நிறைய. ஓடும். ஆனால் ஆணி குத்தினால் டியூபிலிருந்து வெளியேறும் காற்று ரிம் வழியாக ஓடிவிடும், டியூப்லெஸ்ஸின் பயன் போச்சு. ஸ்போக் வீலையே காற்றுப் புகாமல் செய்கிற தொழில்நுட்பமும் உண்டு. ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450க்கு 2024இல் அப்படி வந்தது. உங்கள் வண்டிக்கு அந்தச் செலவு கட்டாது. நல்ல டியூப் போட்டு, சரியான காற்று வைத்து ஓட்டுங்கள். காற்றுக் குறைவாக ஓட்டிக் குழி விளிம்பில் இடித்தால், ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு வெட்டு விழும். டியூபைக் கழற்றிப் பார்த்தால் ஆணியே இருக்காது. உங்கள் பக்கத்து ரோடுகளை எனக்குத் தெரியும், உங்கள் பஞ்சர்களில் சில அந்த வகையாகவே இருக்கும்.

ஓட்டையைத் தானே மூடிக்கொள்ளும் டயர் என்று விளம்பரம் வருகிறதே, அதுவும் ஜெல்தானா? – வாசகர், தஞ்சாவூர்

தம்பி, யோசனை ஒன்று, செய்முறை வேறு. இதில் தொழிற்சாலையிலேயே டயரின் உள்பக்கம் பசை மாதிரியான ஒரு பூச்சு பூசிவிடுகிறார்கள். அது ஓரிடத்தில் தேங்காது, வால்வில் ஏறாது. சியட் நிறுவனம் பைக்குக்கு விட்ட டயர், 2.5 மில்லிமீட்டர் வரை தடிப்புள்ள ஆணிக்குத் தாங்கும் என்று சொல்லி வந்தது. ஜே.கே. டயர் கார்களுக்கு விட்டதில் 6 மில்லிமீட்டர் வரை என்றார்கள். விளம்பரத்தில் முதலில் இந்த அளவைத் தேடுங்கள். செருப்பு ஆணிக்குப் போதும், சென்ட்ரிங் ஆணிக்கு 2.5 போதாது. உங்கள் வண்டியின் அளவில் கிடைத்து, எப்படியும் டயர் மாற்றும் நேரமாக இருந்தால் வாங்கலாம். நல்ல டயரைக் கழற்றிப் போட்டுவிட்டு வாங்காதீர்கள்.

எப்போதும் பின் டயரே பஞ்சர் ஆகிறது. ஏன்? – வாசகர், ஓசூர்

படுத்துக் கிடக்கிற ஆணியை முன் சக்கரம் தட்டி எழுப்பிவிட, பின் சக்கரம் அதன்மேல் ஏறுகிறது. எடையும் பின்னால்தான் அதிகம், தேய்மானமும் அங்கேதான் அதிகம். பட்டன் தேய்ந்த டயரில் ஆணி துளைத்து உள்ளே போகக் கடக்க வேண்டிய ரப்பர் குறைவு. மழைக்காலத்தில் இன்னும் மோசம், ஈர ரப்பரில் கூரான எதுவும் வழுக்கிக்கொண்டு இறங்கும். டயரை மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று காட்டுகிற தேய்மான அளவுக்கோடு தெரிந்த பிறகும் ஓட்டிக்கொண்டு ஜெல்லைத் திட்டிப் பயனில்லை.

காற்றே இல்லாத டயர் பைக்குக்கு வருமா? – வாசகர், கோவை

கரடுமுரடான பாதையில் ரேஸ் ஓட்டுகிறவர்கள் டியூபுக்குப் பதிலாக 'மூஸ்' என்ற நுரை வளையத்தைப் போடுகிறார்கள். பஞ்சர் என்ற பேச்சே இல்லை. ஆனால் தார் ரோட்டில் தொடர்ந்து வேகமாகப் போனால் சூடேறிக் கெட்டுப்போகும், நமக்கு ஆகாது. மிஷலின் சோதித்து வருகிற அப்டிஸ் என்ற காற்றில்லா டயர் காருக்கானது. பைக் வளைவில் சாய்ந்து திரும்ப வேண்டும், அதற்கேற்ற காற்றில்லா டயர் நம் கடைகளுக்கு வரட்டும், பிறகு பேசலாம்.

நைட்ரஜன் அடித்தால் பஞ்சர் குறையுமா? – வாசகி, திருநெல்வேலி

குறையாது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது. சும்மா அடித்துவிட்டால் அடித்துக்கொள்ளுங்கள், காசு கேட்டால் அந்தக் காசுக்குக் காற்றின் அழுத்தம் பார்க்கிற ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள்.