ஓஸிக்கு எதுவும் ஓசியில் வரவில்லை

அன்புள்ள சார்,

வணக்கம். இங்கிலாந்து ராக் பாடகர் ஓஸி ஓஸ்போர்ன் இறந்தபோது நீங்கள் போட்ட சின்னக் குறிப்பை என் மகன்தான் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். எனக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியாதுங்க. கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஒன்று. பையன் பாலிடெக்னிக் இரண்டாம் வருஷம், ஆறு அரியர். கிடார் வாசிக்கிறான், பாடுகிறான், நாலு பேர் சேர்ந்து பேண்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். படிப்பை விடப்போகிறேன் என்கிறான். ஏண்டா என்றால், "ஓஸி 15 வயசுல ஸ்கூலை விட்டாரு, ஜெயிலுக்குப் போனாரு, கடைசியில உலகமே கொண்டாடுச்சு" என்று நீங்கள் எழுதிய வரியையே எடுத்துக் காட்டுகிறான். அவன் அம்மா, "ஓசியில யாருக்குடா எது கிடைச்சுது" என்கிறாள். வேலையின் கஷ்டம் தெரிந்தால் புத்தி வருமென்று லீவு நாளில் பிரஸ்ஸில் உட்கார வைத்திருக்கிறேன். உங்கள் எழுத்தைப் படித்துத்தான் இவன் இப்படிப் பேசுகிறான். நீங்களே ஒரு பதில் சொல்லிவிடுங்கள். என் பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

பழி என்மேல்தான். 2025 ஜூலை 22, அவர் இறந்த செய்தி இங்கே வந்து சேர்ந்தபோது நடுராத்திரி. தூக்கக் கலக்கத்தில் பத்து வரி எழுதிப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அதில் நீங்கள் சொல்லும் அந்த வரி இருப்பது உண்மை. அதில் தகவல் பிழை இல்லை. ஆனாலும் உங்கள் மகன் அதை எடுத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால், பிழையாக எழுதியிருந்தாலே தேவலை என்று தோன்றுகிறது. உங்களுக்கு மட்டும் எழுதினால் போதாது, அவனும் படிக்கட்டும் என்று இங்கேயே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்த 15 வயது. இங்கிலாந்தில் 1947 முதல் 1972 வரை கட்டாயப் பள்ளி வயது 15தான். ஓஸி பிறந்தது 1948 டிசம்பர் 3. ஆகவே 15 வயதில் பள்ளியை விட்டது அவர் மட்டும் செய்த புரட்சி இல்லை. அவர் தெருவில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அந்த வயதில்தான் விட்டார்கள், விட்ட அடுத்த வாரம் ஏதாவது ஆலையில் சேர்ந்தார்கள். 11 வயதில் ஒரு தேர்வு வைப்பார்கள். தேறியவர்களுக்கு மேற்படிப்புக்குத் தயார்செய்யும் கிராமர் ஸ்கூல், மற்றவர்களுக்கு செகண்டரி மாடர்ன் என்ற சாதாரணப் பள்ளி. ஓஸி போனது இரண்டாவது வகையில், பர்மிங்ஹாமின் பர்ச்ஃபீல்ட் சாலைப் பள்ளிக்கு. அவருக்கு எழுத்துகள் கண்முன்னே குழம்பும். டிஸ்லெக்ஸியா என்ற பெயர் அவருக்குத் தெரியவந்தது பெரியவரான பிறகுதான். பள்ளியில் அதற்குப் பெயர் மக்கு. அடி வாங்காமல் தப்பிக்க அவர் கண்டுபிடித்த வழி கோமாளித்தனம். பெரிய பையன்களைச் சிரிக்க வைத்துவிட்டால் விட்டுவிடுவார்கள். பள்ளி நாடகங்களிலும் மேடை ஏறியிருக்கிறார். பிற்காலத்தில் நாம் மேடையில் பார்த்த ஓஸியின் பாதி அங்கேயே தயாராகிவிட்டது என்பது என் எண்ணம்.

வீடு ஆஸ்டன் பகுதியில், லாட்ஜ் சாலையில், சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. ஆறு பிள்ளைகள், இவர் நாலாவது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே. போர்வை போதாதென்று பழைய கோட்டுகளைப் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த மனைகள் அப்படியே கிடந்தன. பிள்ளைகளுக்கு அதுதான் விளையாட்டு மைதானம். பக்கத்திலேயே வில்லா பார்க் கால்பந்து அரங்கம். ஆட்டம் பார்க்க வருகிறவர்களின் கார்களைப் பார்த்துக்கொள்கிறோம் என்று பையன்கள் சில்லறை வாங்குவார்கள். இறப்பதற்கு 17 நாள் முன்பு, பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாமல், சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அவர் கடைசியாகப் பாடியது அதே வில்லா பார்க்கில்தான்.

அப்பா ஜாக் ஓஸ்போர்ன், டூல் மேக்கர், அதாவது ஆலைக்கு வேண்டிய கருவிகளைச் செய்பவர். ஆம், உங்கள் தொழில். ஜிஇசி ஆலையில் இரவு ஷிப்ட். அம்மா லில்லியனுக்குப் பகலில் லூகாஸ் ஆலையில் வேலை. சென்னை பாடியில் 1961இல் டிவிஎஸ்ஸோடு கூட்டு சேர்ந்து வந்ததே, அந்த லூகாஸ்தான். ஒருவர் வீடு திரும்பும் நேரத்தில் மற்றவர் கிளம்ப வேண்டும். அந்த வீட்டில் அப்பா என்றால் பகலில் தூங்கும் ஒருவர்.

1963இல் ஒருநாள், கையில் டிரான்சிஸ்டரோடு விட்டன் சாலையில் நடந்துபோகும்போது பீட்டில்ஸின் 'ஷீ லவ்ஸ் யூ' பாட்டைக் கேட்டிருக்கிறார். வயது 14. இனி இதுதான் என் வாழ்க்கை என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாகப் பின்னாளில் பல பேட்டிகளில் சொன்னார். உங்கள் மகன் இதையும் காட்டுவான். காட்டட்டும். அதற்கு அடுத்த ஐந்து ஆண்டுகள் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம். பட்டறை எடுபிடி, பிளம்பர் உதவியாள், கட்டட வேலை என்று மாறி மாறிப் போனார். அம்மா சிபாரிசில் லூகாஸிலேயே ஒரு வேலை கிடைத்தது: கார் ஹாரன் டியூன் செய்வது. அடைத்த அறைக்குள் உட்கார்ந்து வருகிற ஹாரன்களை ஒவ்வொன்றாக மாட்டி, ஸ்க்ரூவைத் திருகி, சுருதி சரியாகும்வரை அலறவிட வேண்டும். நாள் முழுக்க, நூற்றுக்கணக்கில். பாடகர் ஆகப்போகிறவர் இசைத்துறையில் பார்த்த முதல் வேலை இது என்று அவரே கிண்டலடிப்பார். பக்கத்தில் ஒரு பெரியவர், ஏறக்குறைய 30 வருஷ சர்வீஸ். காது போய்விட்டது. ஓய்வு பெறும்போது தங்கக் கடிகாரம் கொடுப்பார்கள் என்று காத்திருந்தார். கடிகாரம்தான் வேண்டுமென்றால் கடைக் கண்ணாடியை உடைத்து எடுத்துக்கொள்வேனே என்று ஓஸி கிளம்பிவிட்டார்.

அதிக காலம் நின்ற வேலை பர்மிங்ஹாமின் டிக்பெத் பகுதியில் ஒரு கசாப்புக்கூடம். வெட்டிய ஆடுமாடுகளின் இரைப்பையைக் கிழித்து உள்ளே இருப்பதைக் காலி செய்வது அங்கே அவருடைய முதல் பணி. முதலில் தினமும் வாந்தி. பிறகு பழகிவிட்டது. ராக் பாடகர்களின் வரலாற்றில் இந்தப் பகுதியை எல்லோரும் ஏதோ ரத்தக் களறியான முன்னறிவிப்பு மாதிரி எழுதுவார்கள், பிறகு மேடையில் வௌவால் தலையைக் கடித்தார் பாருங்கள் என்று முடிச்சுப் போடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. காலையிலேயே எழுந்து போய் வேலை முடிந்தால் சீக்கிரம் வீட்டுக்கு வரலாம், அதனால் பிடித்திருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதை நம்பலாம்.

நடுவில் திருட்டு. வீட்டுக்குப் பின்னால் இருந்த துணிக்கடையில் புகுந்தார். இருட்டில் அள்ளிக்கொண்டு வந்தது குழந்தைத் துணி. இன்னொரு தடவை டிவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுவர் ஏறினார், பெட்டி அவர்மேலேயே விழுந்தது. கைரேகை படாமல் இருக்கக் கையுறை போட்டுக்கொண்டு போனார், அதில் கட்டைவிரல் பகுதி கிழிந்திருந்தது. இதைவிட மோசமான திருடனைக் கண்டதில்லை என்று போலீஸ்காரர்களே சிரித்திருப்பார்கள். நீதிமன்றம் அபராதம்தான் போட்டது. ஓஸியிடம் பணம் இல்லை.

ஜாக்கால் கட்டியிருக்க முடியும். கட்டவில்லை. பையனுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். 17 வயதில் வின்சன் கிரீன் சிறையில் ஆறு வாரம். "நீ ஒன்று பெரிதாக ஏதாவது செய்வாய், இல்லையென்றால் ஜெயிலுக்குப் போவாய்" என்கிற மாதிரி ஜாக் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். ஆறு வாரத்தில் பாதி பலித்துவிட்டது.

அடுத்து ஜாக் செய்ததற்காகத்தான் நான் இவ்வளவு எழுதுகிறேன். சிறையிலிருந்து வந்தபின்னும் பையன் பாட்டு, பாட்டு என்றே அலைந்தான். ஒருநாள் அப்பா கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு, தவணையில் 250 பவுண்டுக்கு ஒரு பி.ஏ. சிஸ்டம், அதாவது பாடுகிறவர் குரலைக் கூட்டிக் கேட்கவைக்கும் ஒலிபெருக்கி, வாங்கிக் கொடுத்தார். 50 வாட் வாக்ஸ் கம்பெனி ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர். இரவு ஷிப்ட் தொழிலாளிக்கு அது பல மாதக் கூலி. அபராதம் கட்டாத அதே மனிதர்! மனசு மாறிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். டூல் மேக்கர் புத்தி அது என்பேன் நான். வேலை செய்யப்போகிறவனுக்குக் கருவி வேண்டும்; தண்டம் கட்டுவதில் யாருக்கும் ஒரு பொருளும் மிஞ்சாது. நீங்கள் பட்டறைக்காரர், நான் சொல்வது சரியா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஓஸி உடனே ஊருக்குள் இருந்த இசைக்கருவிக் கடையில் ஒரு சீட்டு ஒட்டினார். ஓஸி ஸிக் (தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்) என்பவருக்குக் கச்சேரி தேவை, சொந்தமாக பி.ஏ. உண்டு என்று. குரல் நன்றாக இருக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு பர்மிங்ஹாமில் கிடார் வைத்திருந்த பையன்கள் தெருவுக்கு நாலு பேர். பாடுகிறேன் என்பவர்களும் அப்படியே. ஸ்பீக்கர் வைத்திருந்தவர்தான் அபூர்வம். முதலில் தேடி வந்தவர் கிடார் வாசிக்கும் கீஸர் பட்லர். அந்தக் குழு சீக்கிரமே கலைந்தது. 1968இல் அதே சீட்டைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள்: கிடார் வாசிக்கும் டோனி ஐயோமி, டிரம்ஸ் வாசிக்கும் பில் வார்ட். ஐயோமி அதே பள்ளியில் ஓஸிக்கு ஒரு வகுப்பு மேல் படித்தவர். ஓஸியைப் போட்டு மிரட்டி அடித்தவரும்கூட. சீட்டில் பெயரைப் பார்த்ததும், பள்ளியில் ஒரு ஓஸி இருந்தான், அவனாக இருக்காது, அவனுக்குப் பாடவெல்லாம் வராது என்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். கதவு திறந்தது. அவனேதான். திரும்பிப் போயிருப்பார்கள். பி.ஏ. இருந்ததே.

பட்லரையும் சேர்த்து அந்த நாலு பேர்தான் பின்னால் பிளாக் சப்பாத் என்ற ராக் குழு ஆனார்கள். முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில், ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பதிவு செய்து முடித்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது. இங்கிலாந்துப் பட்டியலில் எட்டாம் இடம்வரை போயிற்று. அதைக் கேட்டுவிட்டு ஜாக், "நீ பீர் மட்டும்தானே குடிக்கிறாய்?" என்று சந்தேகமாகக் கேட்டாராம். பையன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்பதை முதலில் மோப்பம் பிடித்தவரும் அவர்தான். போதையும் குடியும் ஓஸியை என்ன செய்தன என்பது வேறு கதை, அழகான கதையும் இல்லை. ஜாக் 1970களின் கடைசியில் புற்றுநோயில் இறந்தார்.

எனக்கு அந்த இசை முதலில் பிடிக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதியில் அறைத்தோழன் கேசட்டில் போட்டபோது, மோட்டார் ரிப்பேர் என்று நினைத்தேன். பிறகு பல வருஷம் கழித்து ஒரு நீண்ட பஸ் பயணத்தில் பிடித்துப்போயிற்று. உங்களுக்கும் பிடிக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை.

படிப்பை விடலாமா என்ற உங்கள் கேள்விக்கு: வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். ஓஸி பள்ளியை விட்டதால் பாடகர் ஆகவில்லை. விட்டதால் அவருக்குக் கிடைத்தது ஹாரனும் மாட்டுக்குடலும். ஆறு அரியர் அவன் பாட்டுக்குத் தடை இல்லை. ஓஸி அளவுக்கு எழுத்து குழம்புகிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் ஊரிலும் நிறைய பிள்ளைகளுக்கு அது தெரியாமலே போய்விடுகிறது. ஆம்ப்ளிஃபயர் யாருடையது, மைக் யாருடையது, வாடகை யார் கட்டுகிறார்கள் என்றும் அவனிடம் கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்க வேண்டாம். அந்தப் பதிலிலிருந்து அவன் எவ்வளவு தீவிரமாக இருக்கிறான் என்று உங்களுக்கே புரியும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்த வரி அரியர் பற்றியது இல்லை.

டோனி ஐயோமி 17 வயதில் பர்மிங்ஹாமில் ஒரு தகட்டு ஆலையில் வேலை செய்தார். கிடார் கச்சேரிக்காக வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிப் போகவில்லை என்றார். ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அவர் அம்மா திருப்பி அனுப்பினார். வழக்கமாக பிரஸ் ஓட்டுபவர் அன்று வரவில்லை, பழக்கமில்லாத இவரை உட்கார வைத்தார்கள். பிரஸ் வலது கையில் இறங்கியது. நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயிற்று. இடதுகைக்காரர், ஆகவே தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்தி மாட்டி, அவர் மறுபடி வாசித்தது பெரிய சாதனைதான். அந்தச் சாதனை உங்கள் வீட்டில் நடக்க வேண்டாம்.

உங்கள் பிரஸ்ஸுக்குப் பாதுகாப்புத் தடுப்பு இருக்கிறதா? இரண்டு கையாலும் பட்டனை அழுத்தினால்தான் இறங்கும் வகையா, கால் பெடலா? பெடல் என்றால் பையனை அதில் உட்கார வைக்காதீர்கள். லேத்திலும் வேண்டாம். கணக்கெழுத விடுங்கள், டெலிவரிக்கு அனுப்புங்கள், வேலையின் கஷ்டம் அதிலும் தெரியும்.

அன்புடன்